ஹேங்கர் மாமா பதில்கள்: மிங்கலாடோன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது?

போன இதழின் கடைசியில், "அடுத்த தடவை பழைய போர் விமானங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கடிதங்களைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின் நிறைந்துவிட்டது. ரங்கூனிலிருந்து மட்டுமல்ல, பகோ, மௌல்மேன், டவுங்கூவிலிருந்தெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நம் சனத்தில் இத்தனை பேர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 1966ல் ரங்கூனின் மிங்கலாடோன் விமானத்தளத்து ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், ஹெல்பராகச் சேர்ந்தவன். என் அக்கா பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஹேங்கர் மாமா. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

*

"மாமா, வெள்ளைக்காரன் போகும்போது மிங்கலாடோனில் ஏகப்பட்ட ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பெட்டியோடு புதைத்துவிட்டுப் போனான் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இருக்கிறது என்கிறார்கள், பாதிப் பேர் கட்டுக்கதை என்கிறார்கள். நீங்கள் அங்கேயே வேலை பார்த்தவர். சொல்லுங்கள்."
— கல்லூரி மாணவர், தாம்வே

இல்லை, தம்பி. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையை நம்பினவர்களை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. நானும் சின்ன வயதில் நம்பினவன்தான்.

கதை இப்படி: 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த சமயத்தில், ஸ்பிட்ஃபயர் மார்க் 14 என்ற பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் புத்தம் புதிதாக மரப்பெட்டியோடு ரங்கூனுக்கு வந்தன. போர் முடிந்துவிட்டது, திருப்பி அனுப்பச் செலவு, யார் கையிலும் கிடைக்கக் கூடாது. அதனால் மெழுகுத்தாள் சுற்றி, தார் பூசி, பத்து மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் லிங்கன்ஷையர் பக்கத்து விவசாயி டேவிட் கண்டால் என்பவர் இதை நம்பி பல வருஷம் அலைந்தார். 2012 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் இங்கே வந்தபோது இந்தப் பேச்சை எடுத்தார். அக்டோபரில் நம் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் ஆனது. ஒரு கணினி விளையாட்டு நிறுவனம் பணம் போட்டது. முதலில் 20 விமானம் என்றார்கள், அப்புறம் 60 என்றார்கள், கடைசியில் 140 வரை ஏறியது. 2013 ஜனவரியில் மிங்கலாடோனில் தோண்டினார்கள். கிடைத்தது மின்சாரக் கேபிளும் தண்ணீர்க் குழாயும். வடக்கே மிச்சினாவில் பெட்டி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது என்று உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். சேற்றுத் தண்ணீர்தான் தெரிந்தது. பிப்ரவரியில், பணம் போட்ட நிறுவனமே விமானம் எதுவும் புதைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

அந்தக் குழுவோடு வந்த தொல்லியல்காரர்கள் பழைய காகிதங்களையும் புரட்டினார்கள். 1945, 1946ல் ரங்கூன் துறைமுகம் கையாண்டது மொத்தம் 37 விமானங்கள். மூன்று தடவையாக வந்தவை. அவற்றில் பெட்டியில் வந்த ஸ்பிட்ஃபயர் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பெரும்பாலானவை 1946லேயே திரும்பக் கப்பலேறிவிட்டன. குண்டு விழுந்து நொறுங்கிக் கிடந்த ஊரில், அவ்வளவு பெரிய பெட்டிகளைத் தூக்கிப் புதைக்கக் கிரேனுக்கு எங்கே போவது?

இனி ஃபிட்டர் கணக்கு ஒன்று. ஸ்பிட்ஃபயரின் நீளம் 9 மீட்டருக்கு மேல். இறக்கையைக் கழற்றி வைத்தாலும் பெட்டி ஒரு லாரி அளவுக்கு மேல் வரும். முதலில் சொன்ன 20 பெட்டியை வரிசையாக வைக்கவே ஒரு குளமே வெட்ட வேண்டும். ரங்கூனில் ஆகஸ்ட் மாதம், தம்பி! நம் வீட்டு வாசலில் ஆகஸ்டில் முழங்கால் ஆழம் குழி தோண்டிப் பாரும். சாயந்தரத்துக்குள் அதில் தவளை கத்தும். பத்து மீட்டர் எப்படி?

இதற்கெல்லாம் மேலாக எனக்கு ஒரு சாட்சி உண்டு. என் அப்பா. 1945 மே மாதத்தில் பிரிட்டிஷ் படை ரங்கூனைத் திரும்பப் பிடித்ததும், மிங்கலாடோனில் ஓடுபாதையைச் சீர்செய்யக் கூலியாள் எடுத்தார்கள். அப்பா மண்கூடை தூக்கப் போனார். அடுத்த வருஷம் முழுக்க அங்கேதான் வேலை. புதைத்த விமானக் கதையை நான் பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "நாங்க குழியை மூடினோம்டா. மூட மூடக் குழி. எவன் அங்க புதுசாக் குழி வெட்டினான்?" ஒரு கூலியாளின் வார்த்தை மட்டும் சாட்சியாகாது என்பது சரிதான். ஆனால் லண்டன் காகிதம் சொன்னதும் என் அப்பா சொன்னதும் ஒன்றாக இருக்கிறதே. 2013ல் அந்த அறிக்கையைப் பத்திரிகையில் படித்த அன்று, அப்பா படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட்டேன்.

அப்படியானால் விமானமெல்லாம் எங்கே போயிற்று? உடைந்ததைப் பழைய இரும்புக்காரர்கள் எடுத்தார்கள். அலுமினியத்தை உருக்கினார்கள். எங்கள் வீட்டில் அரிசி களைய ஒரு வார்ப்புச் சட்டி இருந்தது. அம்மா அதற்கு ஏரோப்ளேன் சட்டி என்றுதான் பெயர் சொல்லுவார். வாங்கும்போது கடைக்காரர் அப்படிச் சொல்லிக் கொடுத்தாராம். மண்ணைத் தோண்டினவர்கள் நம் பாட்டிமார் அடுப்படியைப் பார்த்திருக்கலாம்.

*

"1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு போட்டது ஜப்பானின் ஜீரோ விமானங்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன். சரிபார்த்துத் தாருங்கள்."
— ஆசிரியை, மௌல்மேன்

சயாமா, தாத்தா பார்த்தது நிஜம், பெயர் மட்டும் மாறிவிட்டது. போருக்கு அப்புறம் எந்த ஜப்பான் விமானத்தையும் ஜீரோ என்று சொல்லும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜீரோ, ஜப்பான் கடற்படையின் விமானம். பர்மா வானமோ அவர்களுடைய தரைப்படை விமானப் பிரிவின் கையில் இருந்தது. டிசம்பர் 23 அன்று வந்த பெரிய குண்டு விமானங்கள் மிட்சுபிஷி கி-21. இரண்டு எஞ்சின். அவற்றுக்குத் துணையாக வந்த சின்ன விமானங்கள் நகாஜிமா கி-27. கிறிஸ்துமஸ் அன்று மறுபடி வந்தபோதுதான் கி-43 வந்தது. அதற்கு ஹயபுசா என்று பெயர். வல்லூறு என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் ஜீரோ போலவே இருக்கும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. ஆனால் ஜீரோவுக்கு இறக்கையில் 20 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு. ஹயபுசாவுக்கு மூக்கில் இரண்டு இயந்திரத் துப்பாக்கி மட்டும்தான்.

என் அப்பாவுக்கு அன்றைக்கு 19 வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். விமானச் சத்தம் கேட்டதும் ஓடி ஒளியவில்லை. யாருமே ஒளியவில்லை. தெருவில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெயிலில் வெள்ளி மாதிரி மின்னியதாம். நம் விமானங்கள்தான் என்று சிலர் கையாட்டினார்களாம். அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்களும் நம்மவர்களும். அதற்கு அப்புறம்தான் ஊர் காலியாக ஆரம்பித்தது. அரக்கான் வழியும் மணிப்பூர் வழியும் நடந்தவர்கள் கதை உங்கள் குடும்பத்திலும் இருக்கும். என் பாட்டிக்குக் கால் நடக்காது, அதனால் எங்கள் வீட்டார் ஆற்றைக் கடந்து தன்லின் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அப்பா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். தாழப் பறந்து வந்த ஒரு விமானம் "கொக்கு மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு" வந்தது என்று. வெகுநாள் எனக்கு அது புரியவில்லை. சக்கரத்தை உள்ளே இழுக்க மறந்த விமானமா என்று யோசித்தேன். ஹேங்கரில் சேர்ந்து, பழைய படங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் விளங்கியது: கி-27க்குச் சக்கரம் மடங்காது. அன்று கூட வந்த கி-30 என்ற ஒற்றை எஞ்சின் குண்டு விமானத்துக்கும் மடங்காது. ஆக அப்பா பார்த்தது இந்த இரண்டில் ஒன்று. ஜீரோவுக்கும் ஹயபுசாவுக்கும் சக்கரம் உள்ளே போய்விடும். விமானத்தின் பெயரே தெரியாத ஒரு மூட்டை தூக்கும் பையன், எந்த விமானம் என்று நாம் கண்டுபிடிக்கும் அளவுக்கு அடையாளம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சயாமா, உங்கள் பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். "கால் தெரிந்ததா? எஞ்சின் எத்தனை?" இந்த இரண்டு கேள்வி போதும்.

*

"ஹேங்கர் மாமா, எனக்கும் என் தம்பிக்கும் பந்தயம். டவுங்கூவில் இருந்த அமெரிக்க விமானங்களின் மூக்கில் சுறா வாய் வரைந்திருக்கும் இல்லையா? அதைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான் என்கிறேன் நான். யாரையோ பார்த்து வரைந்தது என்கிறான் அவன். தோற்றவர் ஒரு வாரம் மொகிங்கா வாங்கிக் கொடுக்க வேண்டும்."
— அண்ணன், பகோ

வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தம்பி ஜெயித்தார்.

முதலில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானங்களில் ஒரு பிரிவு சுறா வாய் வரைந்திருந்தது. அதைப் பார்த்து வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 112ஆம் ஸ்குவாட்ரன் தங்கள் டோமஹாக் விமானங்களில் வரைந்தது. அந்தப் படம் பத்திரிகையில் வந்து, டவுங்கூவில் பயிற்சியில் இருந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகளின் தலைவர் ஷெனால்ட்டின் ஆட்கள் கண்ணில் பட்டது. அவர்களிடம் இருந்ததும் அதே வகை, கர்ட்டிஸ் பி-40. எஞ்சினுக்குக் கீழே காற்று வாங்கும் பெரிய திறப்பு இருக்கிற விமானம் அது. வாய் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, பல் வரைந்தால் போதும். ஆனாலும் உலகம் முழுக்க அந்தப் பல்லைப் பிரபலம் ஆக்கியது நம் ஊரில் நின்ற அந்த விமானங்கள்தான். அந்த அளவுக்கு நீங்களும் சரி. அவை பெட்டியில் கப்பல் வழியே ரங்கூனுக்கு வந்து மிங்கலாடோனில்தான் பூட்டப்பட்டன. முதல் கடிதக்காரத் தம்பியும் இதைக் கவனிக்கட்டும்: பெட்டியில் விமானம் வந்தது உண்மை. அது 1941ல், பி-40. கதைகள் இப்படித்தான் ஒன்றோடொன்று கலக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

*

"ஐயா, நான் தச்சு வேலை செய்கிறவன். முழுக்க மரத்திலேயே செய்த சண்டை விமானம் ஒன்று பர்மாவில் பறந்தது என்று ஒருவர் சொன்னார். எஞ்சின் தீப்பிடித்தால் என்ன ஆகும்? நம் மழைக்கு மரம் தாங்குமா? நம்ப முடியவில்லை."
— தச்சர், தின்கான்ஜுன்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கேட்க வேண்டியவர் கேட்ட கேள்வி இது.

அந்த விமானம் டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ. கொசு என்று பெயர். இரண்டு மெர்லின் எஞ்சின், இரண்டே ஆள், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வேகம். போர்க்காலத்தில் அலுமினியத்துக்கும் உலோக வேலைக்காரர்களுக்கும் தட்டுப்பாடு. ஆனால் மேஜை நாற்காலி செய்கிறவர்களும் பியானோ செய்கிறவர்களும் சும்மா இருந்தார்கள். அவர்கள் கையில் இந்த வேலையைக் கொடுத்தார்கள். இரண்டு மெல்லிய பிர்ச் பிளைவுட் தகடு, நடுவில் பால்சா மரம். பால்சா எவ்வளவு லேசு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை அச்சின் மேல் வளைத்து ஒட்டி, உடம்பை நெடுக்காக இரண்டு பாதியாகச் செய்வார்கள். அவரைக்காயைப் பிளந்த மாதிரி இருக்கும். பிளந்த பாதிகளுக்குள் கம்பி, குழாய், பைப் எல்லாம் சுலபமாக மாட்டிவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து மூடிவிடுவார்கள். மூடின உடம்புக்குள் குனிந்து வேலை பார்த்து முதுகு போன எனக்கு, இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு தெரியாது.

தீ பற்றிக் கேட்டீர்கள். உலோக விமானத்திலும் எரிவது பெட்ரோல்தான். பெட்ரோல் டாங்க் பற்றிக்கொண்டால் மரமும் ஒன்று, தகரமும் ஒன்று.

மழைதான் விஷயம். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஆரம்பத்தில் ஒட்டப் பயன்படுத்தியது கேசீன் பசை. அதாவது பாலிலிருந்து எடுப்பது. நம் ஈரத்தில் அது பூசணம் பிடித்து விட்டுப்போகும். அப்புறம் ரசாயனப் பசைக்கு மாறினார்கள். அப்படியும் 1944 கடைசியில் இந்தியா, பர்மா முனையில் சில மொஸ்கிட்டோக்களின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. கொஞ்ச நாள் எல்லாவற்றையும் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். வெயிலில் காய்ந்து மழையில் ஊறினது ஒரு காரணம். இன்னொன்று, சில பட்டறைகளில் மரத்துண்டுகள் சரியாகப் பொருந்தாமல், இடைவெளியைப் பசையால் நிரப்பியிருந்தது. ஐயா, "இடுக்கைப் பசையால் அடைக்காதே" என்று உங்கள் பட்டறைப் பையனுக்கு நீங்கள் சொல்லாத நாள் உண்டா? அதே தப்புதான். ஆட்கள் செத்தார்கள்.

ஆனால் இந்தக் கொசு ரங்கூனுக்குச் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1945 மே 2. சிறையில் இருந்த பிரிட்டிஷ் கைதிகள், ஜப்பானியர் போய்விட்டார்கள் என்று கூரையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மேலே பறந்தவர்கள் அது சூழ்ச்சியோ என்று சந்தேகப்பட்டார்கள். 110ஆம் ஸ்குவாட்ரனின் விங் கமாண்டர் சாண்டர்ஸ் தன் மொஸ்கிட்டோவை மிங்கலாடோனில் இறக்கிவிட்டார். பாதையெல்லாம் குண்டுக்குழி. வால் பக்கம் அடிபட்டு, திரும்ப எழும்ப முடியவில்லை. என்ன செய்வது? ஊருக்குள் நடந்தே போனார். ஜப்பானியர் ஒருவரும் இல்லை. சிறையில் கைதிகளைப் பார்த்துவிட்டு, ஒரு சம்பானில் ஏறி ஆற்றோடு போய்ப் படையிடம் சேதி சொன்னார். ரங்கூன் பிடிபட்டது என்று முதலில் பார்த்துச் சொன்னது உங்கள் தொழில்காரர்கள் செய்த விமானத்தில் வந்த ஆள்தான். அவர் வால் இடித்துக்கொண்ட குழிகளையும் சேர்த்துத்தான் பிறகு என் அப்பா மண் போட்டு மூடினார்.

*

"மாமா, போன வருஷம் அப்பாவோடு நேப்பிடோ ராணுவ அருங்காட்சியகம் போயிருந்தேன். ஸ்பிட்ஃபயரும் ஸீஃபயரும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. எப்படிப் பிரித்துச் சொல்வது?"
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பொட்டட்டாங்

மகளே, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஸீஃபயர் என்பது கப்பலில் இறங்குவதற்காக மாற்றிய ஸ்பிட்ஃபயர். கப்பலில் இடம் குறைச்சல் என்பதால் இறக்கை மடங்கும்படி கீல் வைத்திருப்பார்கள். இறக்கையில் குறுக்கே அந்த மடிப்புக்கோடு தெரிகிறதா பார்.

இன்னொன்று, மூக்கு. பர்மா வாங்கிய ஸீஃபயர் மார்க் 15. அதற்கு கிரிஃபன் எஞ்சின். கிரிஃபன் பெரியது, மூடிக்குள் அடங்காது. அதனால் மூக்கின் மேல் இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு புடைப்பு இருக்கும். இங்கே வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9. அதற்கு மெர்லின் எஞ்சின், நெற்றி வழவழப்பாக இருக்கும்.

மூன்றாவது அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மியூசியத்திலும் பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள். விமானத்துக்கு நேர் எதிரே நில். மேல்நோக்கி நிற்கிற ப்ரொப்பெல்லர் பிளேடைப் பார். தடித்து உருண்ட விளிம்பு ஒரு பக்கம், மெல்லிய விளிம்பு ஒரு பக்கம். தடித்த விளிம்புதான் காற்றை முதலில் வெட்டும். அது உன் இடது கைப்பக்கம் இருந்தால் மெர்லின், வலது கைப்பக்கம் இருந்தால் கிரிஃபன். இரண்டும் எதிரெதிராகச் சுற்றுகிறவை. மெர்லினில் பழகிய விமானி முதல் தடவை கிரிஃபனில் ஏறினால், கிளம்பும்போது விமானம் அவர் எதிர்பார்க்கிற பக்கத்துக்கு நேர்மாறாக இழுக்கும். எத்தனையோ பேர் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போயிருக்கிறார்கள்.

நம் ஸ்பிட்ஃபயர்களுக்கு ஒரு பயணக் கதையும் உண்டு. 1950களின் நடுவில் பர்மா 30 ஸ்பிட்ஃபயர் வாங்கியது இஸ்ரேலிடமிருந்து. இஸ்ரேல் அவற்றில் பலவற்றை வாங்கியது செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து. செக் விமானிகள் அவற்றை இங்கிலாந்திலிருந்து ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாலு நாட்டுக் கொடியைப் பார்த்த இறக்கை அது! எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. எங்கள் வீடு விமானத்தளத்துக்குப் பக்கத்துக் குடிசை வரிசையில். காலையில் மெர்லின் கிளம்பும் சத்தம் வந்தால் அம்மா ஏரோப்ளேன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். நான் வேலிக்கு ஓடுவேன். அதைச் சத்தம் என்று சொல்லவே எனக்கு மனசு வராது. நல்ல நாதஸ்வரக்காரர் கீழ்ஸ்தாயியில் நிறுத்திப் பிடிக்கிற மூச்சு மாதிரி இருக்கும்.

*

"நம் நாட்டு விமானப்படை வேறு நாட்டு விமானத்தோடு வானத்தில் சண்டை போட்டது உண்டா?"
— ஓய்வு பெற்ற எழுத்தர், மண்டலே

உண்டு. 1961 பிப்ரவரி 15. தைவானிலிருந்து வந்த நாலு எஞ்சின் பிரைவெட்டியர் விமானம், ஷான் பகுதியில் பதுங்கியிருந்த கோமிண்டாங் என்ற சீன தேசியவாதப் படைக்குச் சாமான் போட வந்தது. பர்மாவின் ஸீஃபியூரி விமானங்கள் மறித்துச் சுட்டன. பிரைவெட்டியர் தாய்லாந்து எல்லைக்குள் விழுந்தது. நம் ஸீஃபியூரி ஒன்றும் விழுந்து விமானி இறந்தார். எனக்கு அப்போது 15 வயது. அடுத்த வாரம் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் பெரிய கலவரம். அப்பா என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். ஸீஃபியூரிக்கு 18 சிலிண்டர் சென்டாரஸ் எஞ்சின். ப்ரொப்பெல்லர் சண்டை விமானங்களில் உச்சம் என்றால் அதைத்தான் சொல்லுவேன்.

*

"உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய விமானம் எது? ஸ்பிட்ஃபயர்தானே?"
— டீக்கடைக்காரர், இன்செய்ன்

இல்லை அண்ணே, டகோட்டா.

துப்பாக்கி இல்லாத விமானம். ஆனால் பர்மா போரை நடத்தியதே அதுதான். காட்டுக்குள் சாலை இல்லாத இடத்தில் படைக்கு அரிசி, பருப்பு, மருந்து, குண்டு எல்லாம் மேலிருந்து விழுந்தது. பட்டு பாராசூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பர்மா முனையில் பிரிட்டிஷ் படைத் தலைவராக இருந்த ஜெனரல் ஸ்லிம் கல்கத்தாவின் சணல் ஆலைகளைக் கேட்டுச் சணலிலேயே பாராசூட் தைக்க வைத்தார். கோணியும் கயிறும் செய்கிற சணல்! ஆள் குதிக்க ஆகாது, சாமான் இறக்கத் தாராளமாகப் போதும். விலையும் அற்பம்.

போருக்கு அப்புறம் அதே வகை விமானம்தான் நம் யூனியன் ஆஃப் பர்மா ஏர்வேஸில் பயணிகளைத் தூக்கியது. நான் ஹெல்பராகச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது. டகோட்டாவின் ட்வின் வாஸ்ப் எஞ்சினில் 14 சிலிண்டர், வட்டமாக. ராத்திரி முழுக்க நின்றால் எண்ணெய் இறங்கி அடிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் முட்டிக் கம்பி வளைந்துபோகும். அதனால் விடியற்காலையில் ஒவ்வொரு பிளேடாகப் பிடித்து இழுத்து, எண்ணி, சுற்ற வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாக நின்றால் நிறுத்திவிட்டுப் பெரிய ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும். பலத்தைக் காட்டி இழுக்கக் கூடாது. டிசம்பர் பனியில் அந்த பிளேடு ஜில்லென்று இருக்கும். உள்ளங்கையில் அதன் கனம் இன்னும் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். டகோட்டாவைத் தொட்டேன். அதுதான் வித்தியாசம், அண்ணே.

*

"ஐயா, எங்கள் மாட்டுக்கொட்டகையில் தாத்தா காலத்துத் தகடு ஒன்று தடுப்பாக நிற்கிறது. துருப் பிடிக்கவே இல்லை. வரிசையாக ஆணி அடித்த மாதிரி புள்ளிகள். விமானத் தகடு என்கிறார்கள். பழைய தகரக்காரர் நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா?"
— விவசாயி, டவுங்கூ அருகே

கொடுக்காதீர்கள்! இந்தக் கடிதத்தைப் படித்தபோது கரண்ட் போயிருந்தது. மெழுகுவத்தியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு படித்தேன்.

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டக் கூடாது. அடுத்து அந்தப் புள்ளிகளைத் தடவிப் பாருங்கள். அவை ஆணி இல்லை, ரிவெட். தலை வெளியே தள்ளாமல் தகட்டோடு தகடாக வழுக்கினால், காற்றுப் படும் வெளித்தோலாக இருக்கலாம். உட்பக்கம் மஞ்சளும் பச்சையும் கலந்த பூச்சு இருக்கிறதா? அமெரிக்க விமானங்களில் துருப்பிடிக்காமல் அப்படிப் பூசுவார்கள். தகட்டின் மேலேயே மங்கலாக 'ஆல்க்ளாட்' என்று ஆங்கில எழுத்து அச்சிட்டிருந்தால் விமானத் தகடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரங்களில் எண் குத்தியிருந்தால் அப்படியே எழுதுங்கள், ஒரு புள்ளியைக்கூட விடாமல். ஸ்பிட்ஃபயர் பாகங்களில் பல 300 என்று தொடங்கும். சீன எழுத்து மாதிரி தெரிந்தால் ஜப்பானியது.

உங்கள் ஊரில் ஷெனால்ட்டின் பி-40 நின்ற தளம் இருந்தது. அப்புறம் ஜப்பானியர் வந்தார்கள், பிரிட்டிஷ்காரர் திரும்ப வந்தார்கள். ஆகவே அது எதுவாகவும் இருக்கலாம். இப்போதே பெயர் வைத்துவிடாதீர்கள். தாத்தா அதை எந்த வயலிலிருந்து, எந்தப் பக்கமிருந்து கொண்டுவந்தார் என்று உங்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். அதையும் கேட்டு எழுதி வையுங்கள். தகட்டை எங்கே வைத்தாலும் இருக்கும், அந்த ஞாபகம் இருக்காது. பக்கத்தில் குழாய் மாதிரியோ தோட்டா மாதிரியோ ஏதாவது கிடந்தால் தொட வேண்டாம். பிள்ளைகளையும் கிட்டே விடாதீர்கள். எண்பது வருஷம் ஆனாலும் அது வெடிக்கும்.

தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்து, இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். மாட்டுக்கு வேறு தடுப்பு வைக்க மூங்கில் வாங்குவதற்கான காசை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் நானே பஸ் ஏறி வந்து பார்க்கிறேன். வரும்போது காந்தமும் பூதக்கண்ணாடியும் கொண்டுவருகிறேன்.